கட்டைவிரல் கதையும் தறி சொன்ன பதிலும்

(கணியம்பாடியில் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டாக்கா மஸ்லின் நெய்தவர்களின் கட்டைவிரலை வெள்ளைக்காரன் வெட்டிப் போட்டான் என்ற கதையைக் கேட்காதவர்கள் இந்த அவையில் அநேகமாக இருக்க மாட்டீர்கள். மேடையில் கேட்டிருப்பீர்கள், வகுப்பில் கேட்டிருப்பீர்கள். தீப்பெட்டிக்குள் ஒரு புடவையையே மடித்து வைக்கலாம் என்ற வர்ணனையும் கூடவே வரும். இந்தக் கட்டைவிரல் கதைக்கு மூலம் எது என்று தேடிக்கொண்டு போனால், 1772இல் லண்டனில் அச்சான ஒரு புத்தகத்தில் போய் நிற்போம். எழுதியவர் வில்லியம் போல்ட்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, பணம் சேர்த்து, பிறகு கம்பெனியோடு மோதி, வங்காளத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர். கோபத்தோடு எழுதியவர்தான். ஆனால் அவர் எழுதியிருப்பது நாம் சொல்லும் கதை இல்லை. பட்டு நூல் சுற்றும் தொழிலாளிகள் கம்பெனி ஆட்களின் கொடுமை தாங்காமல், இனி நம்மை இந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போக முடியாதல்லவா என்று, தங்கள் கட்டைவிரலைத் தாங்களே வெட்டிக்கொண்டதும் உண்டு என்கிறார் அவர்.

இரண்டும் கொடுமைதான். ஆனால் நாம் சொல்லும் கதையில் தொழிலாளி கையை நீட்டிக்கொண்டு சும்மா நிற்கிறான். போல்ட்ஸ் சொல்வதில் 'முடியாது' என்று சொல்கிறவனே தொழிலாளிதான். இருநூற்றைம்பது வருஷமாக நாம் நெசவாளியைப் பார்த்துப் பரிதாபப்பட்டே பழகிவிட்டோம். அந்தப் பரிதாபத்தில், அவன் 'முடியாது' என்று சொன்னது நம் காதில் விழவே இல்லை. அடிமைக் காலத்துக்குத் தறி என்ன பதில் சொன்னது, வங்காளத்தில் எப்படிச் சொன்னது, நம்முடைய வட ஆற்காட்டிலும் சென்னை மாகாணத்திலும் எப்படிச் சொன்னது என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் வங்காளம். 1753இலேயே கம்பெனி, நடுவில் இருந்த உள்ளூர் வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு, தன் சொந்தக் குமாஸ்தாக்களை வைத்து நெசவாளியிடம் துணி வாங்கத் தொடங்கியது. 1757இல் பிளாசி. 1765இல் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை. துணி வாங்குகிறவனே வரி வாங்குகிறவனாகவும் ஆகிவிட்டான். வங்காளத்து வரிப்பணத்தைக் கொண்டே வங்காளத்துத் துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். விலையைக் குமாஸ்தா வைப்பார். அது சந்தை விலைக்குக் கீழே இருக்கும். டச்சுக்காரனுக்கோ பிரெஞ்சுக்காரனுக்கோ விற்கக் கூடாது. முன்பணம் வேண்டாம் என்று மறுத்த நெசவாளியின் இடுப்பில் காசைக் கட்டிவிட்டு, அடித்து அனுப்பினார்கள் என்றும் போல்ட்ஸ் எழுதுகிறார்.

அதற்குப் பிறகு மான்செஸ்டர் வந்தது. 1813இல் கம்பெனியின் வியாபார ஏகபோகம் முடிந்து, ஆலைத்துணிக்கு இந்தியாவின் கதவு அகலத் திறந்தது. 1817இல் டாக்காவில் கம்பெனியின் துணிக் கொள்முதல் நிலையம் மூடப்பட்டது. மஸ்லினுக்கு நூல் கொடுத்த ஃபுட்டி கார்பாஸ் என்ற பருத்தி, மேக்னா ஆற்றங்கரையில் விளைந்தது. வாங்குவார் இல்லாமல் அந்தச் செடியும் மறைந்தது.

இதெல்லாம் எங்கோ வங்காளத்தில் நடந்தது, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். பிளாசிக்குப் போன ராபர்ட் கிளைவ் பேர் வாங்கிய இடம் எது? ஆற்காடு. 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, முற்றுகையைத் தாங்கி நின்றார். அதே வருஷக் கடைசியில் அவர் சண்டை போட்ட இன்னொரு ஊர் ஆரணி. இந்தக் கணியம்பாடியிலிருந்து தெற்கே பஸ் ஏறி, கண்ணமங்கலம் வழியாகப் போனால் வருகிறதே, அந்த ஆரணிதான். வங்காளத்தைப் பிடித்தவன் இந்த மண்ணில்தான் தொழில் பழகினான்.

இன்றைக்கு ஆரணி என்றால் நமக்குப் பட்டு. வேலூர்ப் பக்கத்தில் கல்யாணம் என்றால் ஜவுளி எடுக்க ஆரணிக்குப் போகாத குடும்பம் குறைவு. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களின் ஏடுகளில் ஆரணிக்கு வேறொரு பெயரும் இருந்தது: ஆரணி மஸ்லின். டாக்காவுக்கு அடுத்து மெல்லிய பருத்தித் துணியைப் பற்றிப் பேசும்போது, தெற்கே அவர்கள் சொன்ன பெயர்களில் ஆரணியும் ஒன்று. டாக்கா மஸ்லினுக்காகக் கண்ணீர் விடும் நமக்கு, பக்கத்து ஊரில் நெய்த மஸ்லின் நினைவில் இல்லை.

அந்தக் காலத்தில் இந்தத் துணிகளை ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லண்டனில் இந்தியா அலுவலகத்தில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866இல் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி, 18 தொகுதிகளில் ஒட்டினார். மொத்தம் 20 படிகள். 13 படிகள் பிரிட்டனில் இருக்கும் தொழில் நகரங்களுக்கு, 7 படிகள் இந்தியாவுக்கு. நோக்கத்தை அவர் மறைக்கவே இல்லை. இந்தியாவில் யார் எதை உடுத்துகிறார்கள், எத்தனை முழம், கரை எப்படி, நிறம் என்ன என்று பிரிட்டிஷ் ஆலைக்காரன் தெரிந்துகொண்டால்தானே அதையே செய்து நமக்கு விற்க முடியும்? நம் நெசவாளி தலைமுறை தலைமுறையாகக் கற்றதைக் கத்தரித்து, ஒட்டி, அவனுடைய போட்டியாளன் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்காக அவனுக்கு ஒரு தம்படி கொடுக்கவில்லை.

இனி பதிலுக்கு வருகிறேன். நம் பக்கத்து நெசவாளி சொன்ன முதல் பதில், நடையைக் கட்டுவது.

1639இல் ஃபிரான்சிஸ் டே சென்னைப் பட்டினக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் அங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பதுதான். நெசவாளி வராமல் கோட்டை மட்டும் இருந்து என்ன பயன்? அதனால் கம்பெனி அவர்களை வருந்தி அழைத்தது. 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமனின் தோட்டமாக இருந்த இடத்தில் ஊர் அமைத்து, நூற்கிறவர்களையும் நெய்கிறவர்களையும் சாயம் போடுகிறவர்களையும் குடியேற்றினார்கள். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. இன்றைக்கு அங்கே மீன் மார்க்கெட்டும் கார் உதிரிபாகக் கடையும் நினைவுக்கு வரும், பிறந்தது தறிக்காக.

ஏன் அப்படி அழைக்க வேண்டியிருந்தது? வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவில், முன்பணம் வாங்கிய நெசவாளி மனம் மாறினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வியாபாரிக்கு அப்படி முறித்துக்கொள்ளும் உரிமை வழக்கத்தில் இல்லை. நெருக்கினால் நெசவாளி ஊரைவிட்டே போய்விடுவான். குழித்தறிக்கு வேண்டியது ஒரு பள்ளம், சில மரச் சட்டங்கள், அச்சு, விழுது, நாடா. பள்ளத்தை எங்கேயும் தோண்டிக்கொள்ளலாம். அடுத்த ராஜ்யத்துக்காரன் அவனை வரவேற்பான், ஏனென்றால் தறி வந்தால் வரியும் சந்தையும் கூட வரும். ஓடிப்போன நெசவாளியைப் பிடித்து வியாபாரியிடம் ஒப்படைக்கும் வேலையை அன்றைய அரசர்கள் செய்யவில்லை. இந்தப் பேரம் பேசும் பலத்தால்தான் அவன் கூலி கௌரவமாக இருந்தது என்கிறார் பார்த்தசாரதி.

கம்பெனி அரசாங்கமானபோது உடைத்தது இந்தப் பலத்தை. கொள்முதல் செய்கிறவனே போலீஸாகவும் நின்றான். 1801இல் கர்நாடக நவாப்பின் ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்குப் போனதும், போவதற்கு அடுத்த ராஜ்யமே அநேகமாக இல்லாமல் போயிற்று. ஐந்தே வருஷத்தில், 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். அதற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை. என்ன உடுத்துவது, என்ன நெய்வது என்பதில் அந்நிய அதிகாரம் கை வைத்தால் எதிர்ப்பு எழும் என்பதற்கு நம் ஊர்க் கோட்டையே சாட்சி.

இரண்டாவது பதில் பிழைத்துக்கொள்வது. இதைச் சொல்லும்போது ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. ஆலை வந்தபோது முதலில் விழுந்தது நெய்கிறவர்கள் இல்லை, நூற்கிறவர்கள். ராட்டையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதில் துணையில்லாத கைம்பெண்கள் எத்தனையோ பேர். ஆலை நூல் மலிவாக வந்து இறங்கியதும் அவர்கள் வருமானம் போயிற்று. அவர்களுக்குச் சங்கம் இல்லை. அவர்களுடைய விரலைப் பற்றிக் கதைகூட இல்லை.

நெய்கிறவனோ அதே ஆலை நூலைப் பாவாக ஓட்டினான். கஞ்சி போட்டு, சாயம் மாற்றி, ஆலையால் லாபகரமாகச் செய்ய முடியாத துணியைத் தேடிப்பிடித்து நெய்தான். சாதாரண வெள்ளைத் துணியில் ஆலை ஜெயித்தது. கரை வைத்த புடவையிலும் கட்டம் போட்ட கைலியிலும் பட்டிலும் அதனால் எளிதில் நுழைய முடியவில்லை. இந்தியக் கைத்தறி ஒரேயடியாகச் செத்துவிடவில்லை, இப்படித் தன்னை மாற்றிக்கொண்டு நின்றது என்று தீர்த்தங்கர் ராய் போன்ற பொருளாதார வரலாற்றாசிரியர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். நம் குடியாத்தம் கைலியும் இந்தக் கணக்கில் வருவதுதான். சென்னை மாகாணத்துக் கைலி பர்மா, மலேயா, இலங்கை என்று தமிழன் போன திசையெல்லாம் போயிற்று.

தமிழன் போகாத திசைக்கும் நம் துணி போயிற்று. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் கடலோரத்தில், கலபாரி என்று ஒரு இனம். சென்னை மாகாணத்தில் நெய்த கட்டம் போட்ட துணி அவர்களுக்குப் பிறப்பு முதல் சாவு வரை வேண்டும். வாங்கிய துணியை அப்படியே உடுத்துவதில்லை. பிளேடால் நுணுக்கமாகச் சில இழைகளை வெட்டி உருவி, அதில் புதுக் கோலம் உண்டாக்குகிறார்கள். அதற்கு பெலெடே பிடே என்று பெயர். இங்கே ஒருவன் கோத்த இழையை அங்கே ஒருத்தி உருவித் தன் கலையாக்குகிறாள். கரீபியன் தீவுகளிலும் மெட்ராஸ் என்பது பெண்கள் தலையில் கட்டும் துணியின் பெயர். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் அது மரபு உடையாகவே ஆகிவிட்டது.

பெருமையோடு சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியத் துணியை ஆப்பிரிக்கக் கரையில் விலையாகக் கொடுத்து ஐரோப்பியர்கள் மனிதர்களை வாங்கினார்கள். அந்த மனிதர்களைத்தான் அந்தத் தீவுகளுக்கு ஏற்றிப் போனார்கள். நெய்தவனுக்கு அது தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, தோல் பதனிடும் இந்தப் பகுதிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர். ஆல்ஃபிரட் சாட்டர்டன், சென்னையில் இருந்த ஆங்கிலேயப் பொறியாளர். குரோம் முறையில் தோல் பதனிடுவதை 1903இல் சென்னையில் சோதனையாகத் தொடங்கியவர். அந்தத் தோலை அவர் முதலில் எதற்கு நினைத்தார் தெரியுமா? கிணற்றில் கவலை இறைக்கும் பைகளுக்கு. நம் உழவனுக்கு உதவும் என்று. அதே மனிதர் பறக்கும் நாடாவையும் கைத்தறிக்காரர்களிடம் கொண்டுபோனார். 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்த அந்த உத்தி, நாடாவைக் கையால் மாற்றி மாற்றி எறிகிற வேலையைக் குறைத்துத் துணியை வேகமாக வளர்க்கும். 1906இல் சேலத்தில் அரசு நெசவுச் சாலையும் தொடங்கினார். அங்கே ஒரு சிக்கல்: நெசவாளிகள் மணியடித்து வேலைக்கு வர விரும்பவில்லை. கருவி பிடித்தது, கட்டுப்பாடு பிடிக்கவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டுத் தறிக்குப் போனார்கள்! அதன்பின் பறக்கும் நாடா மாகாணம் முழுக்கப் பரவியது.

சாட்டர்டனின் முயற்சிகள் வெற்றி பெறத் தொடங்கியதும் சென்னையின் ஐரோப்பிய வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. அரசாங்கம் தொழில் நடத்தலாமா என்று கூச்சல் போட்டார்கள். 1910இல் லண்டனிலிருந்து மார்லி பிரபுவின் ஆணை வந்தது. நெசவுச் சாலை மூடப்பட்டது. குரோம் தோல் சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. தோலுக்கும் தறிக்கும் ஒரே கையெழுத்தில் கதவடைத்தார்கள். பொருள் கச்சாவாகவோ அரைகுறையாகவோ இங்கிருந்து போக வேண்டும், முழுமை அங்கே பெற வேண்டும் என்பதுதான் அந்தக் கொள்கையின் உள்நோக்கம்.

மூன்றாவது பதில் எல்லோருக்கும் தெரிந்தது: சுதேசி. வங்காளப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியத் துணி மறுப்பு அறிவிக்கப்பட்டது. தெற்கே அந்தத் தீ பற்றிய இடம் தூத்துக்குடி. வ.உ.சி. கப்பல் விட்டதை எல்லோரும் சொல்வார்கள்; அவர் தர்மசங்க நெசவுச் சாலை வைத்ததைச் சொல்கிறவர்கள் குறைவு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி முழங்கால் வேட்டிக்கு மாறினார். கதர் ஒரு தேசத்தின் சீருடை ஆயிற்று.

ஆனால் தறியில் உட்கார்ந்தவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதரில் ஒரு முரண்பாடு இருந்தது. கதர் என்றால் நூலும் கைநூலாக இருக்க வேண்டும். கைநூல் ஒரு சீராக இருக்காது, பாவில் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இழையைப் பிணைக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. ஆலை நூலில் நெய்து குடும்பம் நடத்திய லட்சக்கணக்கானவர்கள், தேசபக்தியின் கணக்கில் பாதி சுதேசிகளாக நின்றார்கள். நாட்டுக்காக எதை உடுத்துவது என்ற கேள்வி பெரிதாகப் பேசப்பட்டது. நெய்தவன் என்ன சாப்பிட்டான் என்ற கேள்வி மெதுவாகத்தான் வந்தது.

அந்தக் கேள்விக்குப் பிறந்த பதில் கூட்டுறவு. 1935இல் மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாம் கோ-ஆப்டெக்ஸ் என்கிறோமே, அதுதான். விடுதலைக்குப் பிறகும் நெருக்கடி தீரவில்லை. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று முதலமைச்சராக இருந்த ராஜாஜி கேட்டார். 1953இல் அண்ணாவும் அவருடைய கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். ஒருவரையொருவர் எதிர்த்த இருவரும் தறி விஷயத்தில் ஒரே பக்கம் நின்ற காலம் அது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். தோலையும் தறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்டு அரைகுறையாக ஏற்றுமதியான தோல், ஷூவாக மாறியது எப்படி? 1972இல் சீதாராமையா குழு பரிந்துரை செய்தது. 1973 முதல் அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்கு வரம்பு வைத்து, இங்கேயே முழுப் பொருளாக்கு என்று அரசு சொன்னது. 1948லிருந்தே சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மார்லி அடைத்த கதவு திறந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்களில் நம் ஊர்ப் பெண்கள் காலையில் ஏறிப் போவது அந்த முடிவின் விளைவு. அதற்குத் தோல் கழிவுநீரால் பாலாறு கொடுத்த விலையையும் மறக்க முடியாது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தீர்ப்பு நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் சட்டத்தின் பாடமாகிவிட்டது. கொள்கை இருந்தால் தொழில் வளரும், கண்காணிப்பு இல்லாத கொள்கை ஆற்றைக் கொல்லும் என்ற இரண்டு பாடமும் நம் வாசலிலேயே இருக்கின்றன.

தறிக்கு என்ன நடந்தது? 1985இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிச் சட்டம் வந்தது. முதலில் 22 வகை, பிறகு 11. அந்தப் பதினொன்றையும் விசைத்தறி நெய்கிறது என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். கல்கத்தாவின் சுதேசி நாளான ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள் ஆயிற்று. 2015இல் முதல் விழா நம் சென்னையில்தான் நடந்தது. 2020இல் அந்த விழாவுக்குச் சில நாள் முன்னால் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பத்துக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்கூட இருக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால், தோலுக்குக் கொள்கை கிடைத்தது, தறிக்கு விழா கிடைத்தது.

வங்காளத்து நெசவாளி இன்றும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். பிரிவினைக்குப் பின் டாங்காயிலிலிருந்து வந்த பசாக் குடும்பங்கள் நதியா மாவட்டத்து ஃபுலியாவில் தறி போட்டு, இழந்த ஊரின் பெயரிலேயே புடவை நெய்தார்கள். அந்தப் பெயருக்கான புவிசார் குறியீட்டுக்கு 2024இல் இந்தியாவும் வங்கதேசமும் மல்லுக்கு நின்றன. டாக்கா ஜாம்தானியை 2013இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்றது. வங்கதேசத்தில் ஃபுட்டி கார்பாஸின் வம்சத்தைத் தேடிப் பிடித்து, மஸ்லினைத் திரும்ப நெய்து பார்க்கிறார்கள். ஆரணி மஸ்லினுக்கு அப்படி ஒரு தேடலை நாம் இன்னும் தொடங்கவில்லை. வாட்சன் ஒட்டிய தொகுதிகளில் ஒரு படி சென்னைக்கு வந்தது. மாணவர்களே, ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

நிறைவாகச் சில வார்த்தை. நெசவாளியின் முதல் ஆயுதம், கூலி கட்டுபடியாகாவிட்டால் எழுந்து போகும் உரிமை என்று சொன்னேன். இன்றும் அவர் எழுந்துதான் போகிறார். ஆனால் அன்று தறியோடு போனார், இன்று தறியை விட்டுவிட்டுப் போகிறார். அவர் பிள்ளை கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போவதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தறி கௌரவமாகச் சோறு போட்டால் தங்குவான், போடாவிட்டால் போவான், போகத்தான் வேண்டும். ஆகவே நெசவாளியைக் காப்பாற்றுவோம் என்ற பேச்சை விட்டுவிடுவோம். அடக்க விலைக்கு நூல், விலைவாசியோடு ஏறும் கூலி, ஒதுக்கீட்டுச் சட்டத்தை மீறுகிறவர்கள் மீது நடவடிக்கை, கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒழுங்கான தேர்தல்: இந்த நான்கையும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்போம். அடுத்த கல்யாணத்துக்கு ஆரணியில் பட்டு எடுக்கும்போது சரிகையின் எடையை விசாரிக்கிற நீங்கள், இந்தப் புடவைக்கு நெய்தவருக்கு என்ன கூலி போயிற்று என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கடையில் வாங்காதீர்கள்.